கலகலப்பாகப் பேசத் தெரிந்தவர் தேவை

தேவை, பம்பு மோட்டார் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு ஒரு பெண் ஊழியர். இதுவரைக்கும் சரி, இதில் பொய் ஒன்றும் இல்லை. என் வலது பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது, அதன் கைப்பிடியில் ஹெட்போன் தொங்குகிறது, அதை மாட்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அடுத்த வரி, தேவையான தகுதிகள். இரண்டேகால் மணியிலிருந்து இந்த வரியில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். நாலரைக்குள் விளம்பர ஏஜென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் என்று மேனேஜர் மயில்சாமி சார் காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் எங்கள் அறைக்குள் வரமாட்டார், கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டிப் பேசுவார். "ஏம்மா சங்கவி, புதுசா எதையும் யோசிக்காத. போன தடவ போட்டதையே எடுத்துத் தேதிய மாத்தி அனுப்பீரு." எங்கள் ஆபீசில் எல்லாக் காகிதமும் இப்படித்தான் பிறக்கிறது. ஆயுத பூஜை லீவு நோட்டீஸின் அடியில் மூன்று வருடத்துக்கு முன்பு ரிட்டையர் ஆனவர் பெயர் இன்னும் இருக்கிறது, யாரும் அழிப்பதில்லை, லீவு மட்டும் சரியாகக் கிடைத்துவிடுகிறது. போன தடவை போட்டதைத் திறந்து வைத்திருக்கிறேன். கலகலப்பாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும், எப்போதும் சிரித்த முகம், யாரிடமும் தயங்காமல் பழகும் குணம், நிரந்தரப் பணி. நான் எழுதியதுதான். மூன்று தடவை இதே வரிகள் பேப்பரில் வந்தன, மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் இப்போது இல்லை. நாலாவது ஆளும் நிற்கவில்லை என்றால் புகார்ப் போனையெல்லாம் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்களாம். அப்படிக் கொடுத்தால் இரண்டு நாற்காலியும் காலி. இதையும் பாதிக் கதவில் நின்றுதான் சொன்னார்.

மத்தியானம் இந்த நேரத்தில் போன் அதிகம் வராது. தோட்டங்களில் மூன்று ஃபேஸ் கரண்ட் வரும்போதுதான் மோட்டார் ஓடும், ஓடினால்தான் கெடும், கெட்டால்தான் எங்களுக்குப் போன். கீழே டெஸ்டிங் ஷெட்டில் தொட்டித் தண்ணீருக்குள் ஏதோ ஒரு மோட்டாரை ஓடவிட்டிருக்கிறார்கள், அதன் அதிர்வு சுவரில் ஏறி மேஜைக்கு வந்து மேஜையிலிருந்து என் முழங்கைக்கு வருகிறது. கூடவே வார்னிஷ் வாசனை. செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டி முடித்து வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைக்கும்போது கிளம்பும் வாசனை, வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி இருக்கும். ஏழு வருடமாக முகர்கிறேன், இன்றைக்கும் எனக்கு அது முதல் நாள் வாசனைதான். அன்றைக்கு நான் வேலை தேடி இந்த கேட்டுக்கு வரவில்லை, வேறொரு இடத்தில் இன்டர்வியூ முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். இயற்பியல் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த இன்டர்வியூவில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள், நான் ஃபேனைப் பார்த்தேன், அது சுற்றுவதைப் பார்த்தேன், அவர்களும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். திரும்பும் வழியில் இந்த கேட்டில் ஒரு கரும்பலகை, சாக்பீஸில், போன் எடுக்க ஆள் தேவை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. எடுப்பதுதானே, கை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். இப்போது தோன்றுகிறது, அந்தப் பலகையில் கலகலப்பு என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் நான் நின்றிருக்க மாட்டேன். பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பேன். என்னை உள்ளே விடாத ஒரு விளம்பரத்தை நானே மூன்று தடவை எழுதியிருக்கிறேன், மூன்று தடவையும் எனக்கு இது தோன்றவில்லை. தேவையான தகுதிகள். கையா.

கை இருந்தும் முதல் நாள் போனை எடுக்க முடியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, நான் மடியில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல், "ஏட்டி, போன் என்ன கடிச்சிருமா?" அதுதான் பிலோமினா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், தூத்துக்குடிப் பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருந்தாள். எனக்கு வந்த போனையும் அவளே எடுத்தாள், அன்றைக்கு முழுக்க இரண்டு காதிலும் இரண்டு போன். மறுநாள் எடுத்த போனை என் காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் உதறினாலும் விடவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெரியவர், "ஏனுங் அம்மிணி, என்ற மோட்டாரு ஓடுதுங், தண்ணி வர்லீங்" என்றார். நான் ம்ம் என்றேன். "என்னங் அம்மிணி, மோட்டாராட்டவே நீங்களும் உறுமறீங்" என்றார் அவர், பிலோ சிரித்த சிரிப்பில் ஷெட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பேசும்போது போனுக்குள் இருக்கும் ஆளும் சிரிக்கத் தொடங்கிவிடுவார். அண்ணாச்சி, போனைக் கொஞ்சம் மோட்டார்கிட்ட காட்டுங்க என்பாள். கேட்டுவிட்டு அந்தச் சத்தத்தை அப்படியே வாயால் திருப்பிச் செய்து காட்டுவாள், இப்படியா, இல்ல இப்படியா என்று. உறுமினால் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது, வெறுமனே விசில் மாதிரி ஓடினால் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, உடனே நிறுத்துங்க, காயில் எரிஞ்சிரும். நான் அவள் வாயிலிருந்துதான் மோட்டார்களைத் தெரிந்துகொண்டேன். மதியம் டப்பாவைத் திறந்தால் கருவாடு. மயில்சாமி சார் சுத்த சைவம். அவர் பாதிக் கதவில் நிற்கப் பழகியதே அதனால்தான், அவள் போய்ப் பதிமூன்று மாதம் ஆகிறது, அறையில் இப்போது என் தயிர்சாதம் மட்டும்தான், அவர் கால் மட்டும் இன்னும் வாசலைத் தாண்ட மறுக்கிறது.

பதிமூன்று மாதம். குரூப் ஃபோர் எழுதி எழுதி நான்காவது தடவை பாஸாகி அறந்தாங்கியில் போஸ்டிங். கடைசி நாள் அவள் நாற்காலியில் போட்டிருந்த குஷனை எடுத்துப் பையில் திணித்தபோது ஜிப் மூடவில்லை, நான் பிடித்துக்கொள்ள அவள் இழுத்தாள், இரண்டு பேரும் ஜிப்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. "வாய்ல என்னட்டி கொழுக்கட்டையா, போய்ட்டு வான்னு சொல்லேன்" என்றாள். சொல்லவில்லை. முதலில் தினமும் மெசேஜ் வந்தது, அப்புறம் வாரத்துக்கு, அப்புறம் மாதத்துக்கு. கடைசியாக வந்தது ஒரு படம், பச்சை நாடா கட்டிய ஃபைல் அடுக்கு, கீழே, ஏட்டி இங்க யாரும் போன்ல மோட்டார காட்ட மாட்டேங்கறாங்க. அதற்கு ஒரு சிரிப்புப் படம் அனுப்பினேன். அதைவிட நல்லதாக எதையோ அனுப்ப நினைத்திருந்தேன். அவள் போன அந்த வாரத்தில்தான் மயில்சாமி சார் விளம்பரம் எழுதச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை, கை தானாக ஓடியது, கலகலப்பாகப் பேசத் தெரிந்தவர், எப்போதும் சிரித்த முகம், யாரிடமும் தயங்காமல். இதோ மறுபடி படிக்கிறேன். இதில் வேலை எங்கே இருக்கிறது. கோடையில் கரண்ட் வரும் நேரத்துக்குத் தக்கபடி எட்டு மணி வரை உட்கார வேண்டும் என்று இல்லை. பயிர் காய்கிறவன் போனை எடுத்ததும் திட்டுவான் என்று இல்லை. பல் கொஞ்சம் தூக்கலான சிரிப்பு என்று மட்டும்தான் எழுதவில்லை, மற்றபடி இது பிலோதான். நான் வேலைக்கு விளம்பரம் எழுதவில்லை. காணவில்லை என்று அறிவிப்பு எழுதியிருக்கிறேன், அங்க அடையாளங்களோடு.

காபி வந்தது, வைத்துவிட்டுப் போனார்கள், ஆடை கட்டிவிட்டது. மணி மூன்றே கால். அந்த அறிவிப்பைப் பார்த்து வந்தவர்கள் மூன்று பேர். முதலில் வந்த பெண் செல்போன் ஷோரூமில் இருந்தவள், கலகலப்புக்குக் குறைவில்லை, ஒன்பதாம் நாள் ஒருவர் அவளை அம்மா அப்பாவையெல்லாம் இழுத்துத் திட்டினார், பாத்ரூமுக்குப் போய் அழுதாள், மறுநாள் வரவில்லை. இரண்டாவது பெண் இரண்டு மாதம் இருந்து வேறு நல்ல வேலைக்குப் போனாள். மூன்றாவது பொற்கொடி அக்கா. சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் பதினோரு வருடம் இருந்தவர். முப்பத்தெட்டு வயது, பையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்தப் பள்ளிக்கூடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "நிரந்தரப் பணின்னு போட்டிருந்தீங்கல்ல சங்கவி. அங்க பதினொரு வருசமும் டெம்பரவரிதான்" என்றார். முதல் ஒரு மாதம் சோதனைக் காலம், பிடித்தால்தான் நிரந்தரம். அந்த வரி முதல் விளம்பரத்தில் இடம் போதாமல் விட்டது, அப்புறம் தேதியை மட்டும் மாற்றியதில் விட்டது விட்டதாகவே போய்விட்டது. அவர் சேர்ந்த அன்றைக்குத்தான் அது அவருக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்குள் அவர் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவர் பேசவே மாட்டார். போன் வந்தால், சொல்லுங்க. அவ்வளவுதான். அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருக்கும், இவர் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார், கத்தல் ஓய்ந்ததும், மோட்டார்கிட்ட நடந்து போங்க, நான் லைன்ல இருக்கேன். ஹலோ ஹலோ இருக்கீங்களா என்று கேட்பார்கள் போலிருக்கிறது, இருக்கேன் என்பார். அவர் ஹெட்போன் கொஞ்சம் பழுது, சத்தம் வெளியே கசியும், வரப்பில் யாரோ நடக்கிற சத்தம், நாய், ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவு கிறீச்சிடுவது எல்லாம் கேட்கும். ஒரு போனுக்குப் பதினொரு நிமிடம். பிலோ மூன்று நிமிடத்தில் மூன்று பேரைச் சிரிக்கவைத்து அனுப்பியிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அந்த நாற்காலியில் எப்படி ஒருத்தர் வாயைத் திறக்காமல் உட்காரலாம் என்று வரும். நானும் பேசாதவள்தான், ஆனால் நான் பேசாமல் இருப்பதற்கு அந்த நாற்காலி பேச வேண்டும், பிலோ இருந்த ஆறு வருடத்தில் அப்படித்தான் பழகியிருந்தது. மாதம் முடிந்ததும் கதவில் தலை நீண்டது. அக்கா சாப்பிடப் போயிருந்தார். "எப்படிம்மா அந்தப் பொண்ணு?" நான் சொன்னது, எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது, இருந்ததே நான்கைந்து வார்த்தைதான், "வேலை தெரியுது சார். கலகலப்பு இல்ல." சாயங்காலம் அவரை அனுப்பிவிட்டார்கள். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன் சங்கவி" என்றுகூடச் சொன்னார். வாழ்நாளில் நான் யாரைப் பற்றியும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. சொன்ன ஒன்று இப்படிப் போய் விழுந்தது. அதற்கப்புறம் ஐந்து வாரம், இரண்டு பக்கத்துப் போனையும் நானே எடுக்கிறேன்.

தகுதிகள், தகுதிகள். மூன்றரை ஆகிவிட்டது. என்ன தெரிந்திருந்தால் இந்த வேலையைச் செய்யலாம் என்று வேறு எங்கும் எழுதியிருக்காது, புகார்ப் பதிவைத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஆள் ஒரே மோட்டாருக்கு ஒரு வாரத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் கம்ப்யூட்டரில் அந்த வரி சிவப்பாகிவிடும், முதல் தடவை சொன்ன வழி சரியில்லை என்று அர்த்தம். என் பக்கத்தைத் திறந்தேன், அங்கங்கே சிவப்பு. பிலோவின் கடைசி மாதத்தைத் திறந்தேன். மிளகாய்ப்பழம் காயப்போட்ட மாதிரி இருந்தது. வீரபாண்டியில் ஒரு பெரியவர் ஒரே வாரத்தில் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், குறிப்பு என்ற இடத்தில் பிலோ எழுதியிருக்கிறாள், மோட்டார் நன்றாக இருக்கிறது, மருமகள் கோபித்துக்கொண்டு போனதைச் சொல்லக் கூப்பிட்டார். இன்னொன்றில், அந்தச் சிரிக்கிற அம்மிணி இருக்கிறாளா என்று கேட்டார், இருக்கிறாள் என்றேன், வைத்துவிட்டார். தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன், சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது, குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் பொற்கொடி அக்காவின் மாதத்தைத் திறந்தேன். பக்கம் முழுதாக வரவில்லை என்று நினைத்தேன், மூடிவிட்டு மறுபடி திறந்தேன். நானூறு போனில் சிவப்பு நான்கு. கீழே வரை இழுத்துப் பார்த்தேன். நான்குதான். வேலை தெரியுது என்று நானே சொல்லியிருக்கிறேன். தெரிந்தே சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறேன்.

பழைய விளம்பரத்தை மூடினேன். புதிதாக எழுதுவது சிரமமாகவே இல்லை. கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கோபமாக இருப்பார்கள். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். ஒரு போனுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் லைனில் இருக்கும் பொறுமை வேண்டும். கோடையில் இரவு எட்டு மணி வரை வேலை. மோட்டாரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாம், சொல்லித் தருகிறோம். முதல் மாதம் சோதனைக் காலம். அதிகம் பேசாதவர்களும் விண்ணப்பிக்கலாம். எழுதி முடித்துப் படித்தபோது முகம் சூடானது. இதுவும் ஒரு ஆள்தான். பெயரும் செல்போன் நம்பரும் என்னிடம் இருக்கிற ஆள். ஐந்து வாரத்துக்கு முன்னால் நான் அனுப்பிவைத்த ஆள். அவரை வெளியே அனுப்பிவிட்டு அவரையே தேடி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் போடப் போகிறேன், அவர் காபி குடித்துக்கொண்டே இதைப் படிப்பார். கதவு பாதி திறந்தது. "என்னம்மா, அனுப்பீட்டியா?" எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "சார், பொற்கொடி அக்காவைப் பத்தி நான் தப்பாச் சொல்லிட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தப்பு?" கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். தலையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார், தெரியவில்லை, வாசலைத் தாண்டி உள்ளே வந்து மேஜையில் கை ஊன்றிப் பார்த்தார். "நாலேதானா?" என்றார். "அப்ப அன்னைக்கு ஏம்மா அப்படிச் சொன்ன?" இடித்த நாற்காலியை இழுத்து நேராகப் போட்டேன். "நான் கேட்டேன், நீ சொன்ன, நான் நம்பிட்டேன். நீ பேசறதே வருசத்துக்கு ஒருக்கா, அதனால சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "சோதனைக் காலம் இனி அவங்களுக்கு வேண்டாம் சார்" என்றேன். "அது செரி. வருவாளான்னு கூப்பிட்டுக் கேளு. வர்லைன்னா நாலரைக்கு இதைய அனுப்பி உட்ரு."

மூன்று தடவை நம்பரைப் போட்டு இரண்டு தடவை வைத்தேன். மூன்றாவது தடவை இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்க மேடம்." மேடம். நான் சங்கவி, அக்கா என்றேன், தெரியுதுங்க என்றார். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம், பனியன் கம்பெனியா, தெரிந்தவர் வீடா, எதுவானாலும் நான் அனுப்பிய இடம்தான். வேலை இருக்கிறது, வருவீர்களா, சோதனைக் காலம் கிடையாது, முதல் நாளிலிருந்தே நிரந்தரம், கோடையில் எட்டு மணி ஆகும், முன்பு எழுதாமல் விட்டதும் தப்பு. இத்தனையையும் மூச்சு விடாமல் சொன்னேன். மிஷின் நின்றது. "ஒரு மாசம் வேலை பாத்தேன். சாயந்திரம் சார் கூப்ட்டு வேண்டாம்னாரு. ஏன்னு கேட்டதுக்கு, செட் ஆகலம்மான்னாரு. எனக்குத் தூக்கம் வராதுங்க. யாருக்குத் தப்பாச் சொன்னேன், எந்த மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு நோட்ட எடுத்து எடுத்துப் பாப்பேன்." எதுவும் எரியவில்லை அக்கா என்றேன். "அப்பறம் ஏன்?" நான் சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று தெரியவில்லை, பிலோவின் பெயரைச் சொன்னேன், நாற்காலி என்று சொன்னேன், உங்களைப் பார்க்கும்போதெல்லாம் என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். "வாய்ல சொன்னா நான் வர மாட்டேனுங்க" என்றார் கடைசியில். "போன தடவ பேப்பர்ல எழுதினதயே நம்பி வந்தேன். இப்ப நீங்க லெட்டரா எழுதுங்க. நிரந்தரம்னு எழுதுங்க, எட்டு மணின்னு எழுதுங்க, என்னைய ஏன் அனுப்புனீங்கன்னும் எழுதுங்க. சார் கையெழுத்துப் போடட்டும். படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்." நாளைக்கு அவர் மாட்டேன் என்றும் சொல்லலாம். எழுதறேன் அக்கா என்று சொல்லி வைத்தேன்.

நாலு இருபதுக்கு ஏஜென்ட் கூப்பிட்டார், மேட்டர் ரெடியா மேடம், பேஜ் மூடப் போகிறார்கள் என்றார். இந்த வாரம் இல்லை என்றேன், அக்கா பதில் சொல்வதற்கு முன்னால் அவர் இடத்துக்கு எப்படி விளம்பரம் போடுவது. ஞாயிறு போனால் இனி அடுத்த ஞாயிறுதான், அதற்குள் மேலே என்ன முடிவு செய்வார்களோ. கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதத் தொடங்கினேன். முதல் வரி சுலபம், பணி நிரந்தரம், சோதனைக் காலம் இல்லை, கோடையில் நேரம் இரவு எட்டு வரை. இரண்டாவது வரியை எழுதி அழித்தேன், எழுதி அழித்தேன். நிர்வாகக் காரணங்களால் என்று ஒருமுறை வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஏதோ பழைய காகிதத்திலிருந்து. கடைசியில் இப்படி நின்றது: உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை, இங்கிருந்து போய்விட்ட ஒருவரை நான் தேடிக்கொண்டிருந்தேன், அதனால் உங்களைப் பற்றித் தவறாகச் சொன்னேன், சங்கவி. பிரின்ட் எடுத்துக்கொண்டு மயில்சாமி சார் அறைக்குப் போனேன். அவர் படித்தார், மறுபடி படித்தார், பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். "கம்பெனி லெட்டர்ம்மா இது. நாளைக்கு யார் கைக்கு வேணா போகும். இந்த ரெண்டாவது வரிய எடுத்துரலாமா?" ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். "வேண்டாம் சார்" என்றேன். "அது இருக்கட்டும்."